குழியருகே நின்றவள்

புருஷன் எசென்குல் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் பூருலின் கை வேலை நின்றுவிடும். மாவு பிசைந்துகொண்டிருந்தால் விரல்கள் மாவுக்குள்ளேயே நிற்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால் வாளி சாய்ந்தபடியே நிற்கும். இழுத்த மூச்சு வெளியே வந்த பிறகுதான் மறுபடியும் கை ஓடும்.

மனுஷன் சாகப்போகிறார் என்பது தெரிந்த விஷயம். வயிற்றில் கட்டி. தலைநகரம் பிஷ்கெக்கில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத மட்டி இல்லை பூருல். அவளுடைய பயம் சாவைப் பற்றியது இல்லை. செத்த பிறகு அவரை எங்கே வைப்பது? அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கரா-தொகோயில் சாவு என்றால் ஒரு வீட்டுக் காரியம் இல்லை, ஊர்க் காரியம். சேதி போன உடனே, ஊர்ப் பெரியவர் சகின்பாய் வீட்டுக் கொட்டகையில் கட்டி வைத்திருக்கும் பொதுக் கம்பளிக் கூடாரத்தைக் கொண்டுவந்து செத்தவர் வீட்டு முற்றத்தில் எழுப்பிவிடுவார்கள். உடம்பை அதற்குள் வைப்பார்கள். பெண்கள் உள்ளே கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் வெளியே கைத்தடியில் சாய்ந்து நின்று குரலெடுத்து அழுவார்கள். அப்புறம் ஆண்கள் மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டு இடுகாட்டுக்குப் போவார்கள். அங்கே எசென்குலின் அப்பா இருந்தார், அப்பாவின் அப்பா இருந்தார். பக்கத்தில் இடமும் இருந்தது.

ஆனால் அந்த இடம் முஸ்லிமாகச் சாகிறவனுக்கு. எசென்குலும் பூருலும் ஈசா என்று அங்கே சொல்லும் இயேசுவை நம்பி அவர் கூட்டத்துக்குப் போய்விட்டவர்கள். பக்கத்து ஊரில் அப்படிப் போன ஒருத்தி செத்தபோது, அவள் பிள்ளைகள் உடம்பை லாரியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடுகாடாக அலைந்தார்கள். எங்கேயும் இறக்க விடவில்லை. அந்த லாரி கரா-தொகோய் வழியாகத்தான் போனது. தார்ப்பாய்க்கு வெளியே, உடம்பைச் சுற்றிய கம்பளியின் நுனி காற்றில் அடித்துக்கொண்டே போனதைப் பூருல் தன் வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்கு வயிற்றில் விழுந்த பயம் எசென்குலுக்குக் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து கழுத்துவரை ஏறிவிட்டது.

அவள் ஈசாவிடம் போனது பெரிய கதை இல்லை. பிஷ்கெக்கில் தையல் பட்டறையில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சூடாக சூப் ஊற்றுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சூப்புக்காகத்தான் போனாள். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. அங்கே ஒருத்தர் பாவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திருட்டு, குடி என்று அவர் என்னென்னவோ சொல்ல, இவளுக்கு மட்டும் தன் நாக்கு ஞாபகம் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பேசிய பேச்சு. கிழவி செத்த பிறகும் நிறுத்தாத பேச்சு. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சூப் ஆறி, மேலே கொழுப்பு கட்டிவிட்டது.

ஊருக்கு வந்து சொன்னதும் எசென்குல் அவள் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தார். அப்புறம் பேச்சை நிறுத்தினார். அவர் ஊருக்குத் தண்ணீர் முறை வைக்கிறவர். யார் தோட்டத்துக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் கையில். ஊர் முழுக்கக் கத்திப் பழகிய மனுஷன் வீட்டுக்குள் ஊமையாக இருந்தால் எப்படி இருக்கும்? பூருல் பொறுத்துக்கொண்டாள். பழைய பூருலாக இருந்தால் கெண்டி பறந்திருக்கும். ஒரு குளிர்காலத்தில் அவரே வாயைத் திறந்தார்.

"ஏய், உன் நாக்கு பாதியாத் தேஞ்சுபோச்சே. யாருடி தேச்சது? எங்கம்மா ஆயுசு பூரா முயற்சி பண்ணியும் முடியலையே. அந்த ஆளை நான் பாக்கணும்."

அப்படித்தான் அவரும் வந்தார்.

ஏப்ரிகாட் இலையெல்லாம் கொட்டி, ஏரிக்காற்றில் கத்தி ஏறியிருந்த ஒரு மத்தியானம் சகின்பாய் வந்தார். எசென்குலுக்குப் பெரியப்பா மகன், ஊருக்கு மூத்தவர். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"எப்படிடா இருக்கே?"

"குதிரை மாதிரி இருக்கேன், அண்ணே. எழுந்திரிக்கத்தான் முடியலை."

"எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. அல்லா ஒருத்தர்தான்னு கலிமாவை ஒரு தடவை சொல்லிடு. நானும் பள்ளிவாசல்லேருந்து ஒருத்தரும் காதால கேட்டா போதும். உங்கப்பா பக்கத்துலயே உன்னை வைக்கிறேன். கூடாரம் வரும், சாவு விருந்துக்குக் குதிரை அறுப்போம். எல்லாம் என் பொறுப்பு."

"இவ்வளவு செலவு பண்றீங்களே, உங்க உருளைக்கிழங்குக்கு ஒரு முறைத்தண்ணி கூடக் கேப்பீங்களோ?"

"சாகக் கிடக்கறப்பவும் வாய்க்கொழுப்பு குறையுதா பாரு!"

"அது ஒண்ணுதான் அண்ணே மிச்சம். மத்த கொழுப்பையெல்லாம் கட்டி தின்னுடுச்சு."

சகின்பாய் சிரித்துவிட்டார். சிரித்ததற்குத் தன்மேலேயே கோபப்பட்டுத் தாடியைத் தடவினார். எசென்குல் மெதுவாகச் சொன்னார்.

"ஈசா என் கையைப் பிடிச்சுட்டாரு, அண்ணே. நான் குடிச்சுட்டு வாய்க்கால்ல விழுந்து கிடந்தவன், உங்களுக்குத் தெரியும். அவரு விடலை. இப்போ நான் எப்படிக் கையை உதறுவேன்? மேட்டுல வைக்கிறதா இருந்தா வைங்க. இல்லேன்னா பூருல் பாத்துப்பா."

பூருல் பாத்துப்பா! சுவருக்கு இந்தப் பக்கம் தேநீரில் பாலும் உப்பும் கலக்கிக்கொண்டிருந்தவள் உப்பை மறுபடியும் அள்ளிப் போட்டாள். பூருல் எதைப் பார்ப்பாள்? ஒரு ஆள் நீளத்துக்கு மண்ணை அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்?

சகின்பாயை வழியனுப்ப அவள் முற்றத்துக்கு வந்தாள். அவர் வாசலில் நின்று, தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"பாரும்மா, நான் கெட்டவன் இல்லை. இவனை அப்படியே மேட்டுல வெச்சா, நாளைக்கு நான் செத்தா என் வாசல்ல ஒருத்தன் நிக்கமாட்டான். என் பிள்ளைகள் தலை குனிஞ்சு நிக்கணும்."

"தெரியுது, மாமா."

"இன்னொண்ணு. கடைசி மூச்சுல அவன் பக்கத்துல நீதான் இருப்பே. வேற யாரும் இருக்கப்போறதில்லை. 'சொன்னாரு'ன்னு நீ வந்து எங்கிட்டச் சொன்னா, நான் ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டேன். வேற எவனையும் கேக்கவிடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதனால்தான் அது முள்ளாகத் தைத்தது. திட்டியிருந்தால் பூருலும் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள்.

சொன்னாரு. ஒரே வார்த்தை. பால் கறக்கும்போது மாட்டிடம் சொல்லிப் பார்த்தாள். "அவரு சொன்னாரு." மாடு திரும்பிப் பார்த்துவிட்டுத் தீனியைத் தின்றது. வானம் இடியவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், சத்தமாக. முதல் தடவையைவிடச் சுலபமாக வந்தது.

பிரார்த்தனை என்று அவள் செய்ததும் சண்டைதான். "ஆண்டவரே, மலை பூரா உன்னோடது. அதுல ஒரு மூலையைக் கொடுத்தா உனக்கு என்ன குறைஞ்சுபோவும்? அவங்க மனசை மாத்து. இல்லே அவரைப் பிழைக்க வை. ரெண்டுல ஒண்ணு பண்ணு, சும்மா இருக்காதே." பதில் வந்த மாதிரி தெரியவில்லை. பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் மூச்சு சீராக வரும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் ரொட்டி சுட்டாள், துணி துவைத்தாள், அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள்.

டவுனிலிருந்து குபாத் வந்தான். அங்கே கூடுகிற சின்னச் சபைக்கு அவன்தான் ஊழியக்காரன். வாரநாளில் கார் மெக்கானிக். டவுனில் உள்ள ரஷ்யக் கிறிஸ்தவர்களின் இடுகாட்டில் கேட்டுப் பார்த்ததாகவும், அவர்கள் எந்தப் பதிலும் சொல்லவில்லை என்றும் சொன்னான். பூருல் அவனிடம் சகின்பாய் சொன்னதைச் சொன்னாள்.

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லமாட்டேன், அக்கா. சொல்லிட்டீங்கன்னா உங்களை விட்டுட்டுப் போகவும் மாட்டேன்."

"நடுவுல நிக்கறதுக்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்தே, தம்பி?"

"உங்க முடிவை நான் எப்படி எடுக்க முடியும்?"

"எடுக்க முடியாதுல்ல? அப்போ ரொட்டியைத் தின்னு."

ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த மகன் நுர்தீன் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தான். அவனுக்கு ஈசாவும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம். அப்பாவுக்கு மேட்டில் இடம் வேண்டும்.

"ஒரு வார்த்தைம்மா! செத்தவருக்கு என்ன தெரியப்போவுது? நீ சொல்லு. பாவம்னா அதை என் தலையில போடு."

"உன் தலையில ஏற்கெனவே உள்ளதை நீ முதல்ல இறக்குடா."

சொன்னாளே தவிர, மகன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. மேட்டில் அப்பாவை வைக்க முடியாத பிள்ளை இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான்? பெண் கொடுப்பார்களா? அந்த நினைப்பு வந்தால் நாக்கு நுனியில் 'சொன்னாரு' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எசென்குல் ஒரு விடியற்காலையில் போனார். நுர்தீன் மாட்டைப் பார்க்கப் போயிருந்தான். பூருல் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அவர் உதடு அசைந்தது. அவள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு? அவராகவே கலிமாவைச் சொல்லிவிட்டால் தான் பொய் சொல்ல வேண்டியதில்லையே என்று. புருஷன் உயிர் போகும் நேரத்தில் ஒரு பெண்டாட்டிக்கு இருக்க வேண்டிய ஆசையா இது? இருந்தது.

"மடையை மூடிட்டியா?" என்றார். "உறைஞ்சா உடைஞ்சுரும்."

"மூடிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. பூருல் காத்துக்கொண்டேயிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

குரலெடுத்து அழவில்லை. அழுதால் அக்கம்பக்கம் ஓடிவரும், ஓடிவந்தால் கேட்கும். முந்தித் தெரியவேண்டிய ஆளுக்கு முந்திச் சொல்ல வேண்டும். தலைத்துணியின் நுனியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு சகின்பாய் வீட்டுக்கு நடந்தாள். நுர்தீன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"என்ன சொல்லப்போறே?"

"தெரியலைடா."

பொய் இல்லை. அவளுக்கே தெரியவில்லை. ஆண்டவரிடம் ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. கூட வா, கூட வா என்பது மட்டும் காலடிக்கு ஒன்றாக வந்தது.

சகின்பாய் வீட்டு வாசலில் அவர் பெண்டாட்டி சூரா பால் வாளியோடு நின்றாள். முறை இல்லாத நாளில் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் திருப்பியவளை எசென்குல் கையும் களவுமாகப் பிடித்து மடையை அடைத்ததிலிருந்து அவளுக்கும் பூருலுக்கும் பேச்சு இல்லை, ஏச்சு மட்டும்தான்.

"என்னடி, விடிஞ்சும் விடியாம? எங்க வீட்டு மடையும் அடைக்க..." என்று ஆரம்பித்தவள், பூருல் வாயில் துணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "உள்ளே இருக்காரு, போ."

சகின்பாய் எழுந்து நின்றார்.

"போயிட்டானா?"

பூருல் தலையசைத்தாள்.

"சொன்னானா?"

நுர்தீன் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது. பூருல் வாயிலிருந்து துணியை எடுத்தாள். வார்த்தை தயாராகத்தான் இருந்தது, மாட்டிடம் பழகிய வார்த்தை. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு எசென்குலின் குரல் காதில் நின்றது. அவர் கடைசியாகப் பேசியதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"மடையை மூடிட்டியான்னு கேட்டாரு, மாமா. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை."

சகின்பாய் கண்ணை மூடித் திறந்தார். "பூருல், யோசிச்சுச் சொல்லு. மறுபடியும் கேக்கறேன். சொன்னானா?"

"ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டேன்னீங்களே, மாமா."

அவர் உட்கார்ந்துவிட்டார். "அப்போ என்னால முடியாதும்மா."

திரும்பி நடக்கும்போது அவள் வீராங்கனையாக ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வீட்டைக் கடக்கும்போதும் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கடைசி வீடு வரைக்கும் தோன்றியது.

நுர்தீன் முற்றத்தில் வெடித்தான். "உன் ஈசாவுக்காக எங்கப்பாவை நாய் மாதிரித் தோட்டத்துல புதைக்கணுமா?"

தோட்டம் என்று அவன்தான் முதலில் சொன்னான். அதுவரை அது பூருலுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பின்னால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஏப்ரிகாட் மரங்களுக்கு அடியில் அவர்களுடைய சொந்த மண். அங்கே வைக்காதே என்று சொல்ல யாருக்கும் பாத்தியதை இல்லை.

"கடப்பாரை கொட்டகையில இருக்கு" என்றாள்.

அவன் அவளை முறைத்தான். பிறகு போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, எதிரியைக் குத்துகிற மாதிரி மண்ணைக் குத்தினான். மேல்மண் உறைந்து கிடந்தது, கீழே முழுக்கக் கல். குபாத்தும் சபை ஆட்கள் சிலரும் வேனில் வந்து இறங்கும்போது அவன் உள்ளங்கை கிழிந்திருந்தது, யாரிடமும் கடப்பாரையைக் கொடுக்க மாட்டேன் என்றான். கடைசியில் குபாத் குழிக்குள் இறங்கி அவன் பக்கத்தில் நின்று மண்வெட்டியால் அள்ளிப் போட ஆரம்பித்தான்.

மத்தியானத்துக்குள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர் ஆண்கள் வந்து நின்றுவிட்டார்கள். கைத்தடியில் சாய்ந்து நின்றார்கள். தடுக்கவும் இல்லை, தாண்டி வரவும் இல்லை, போகவும் இல்லை. வேலிக்குப் பின்னால் பெண்களின் தலைத்துணி தெரிந்தது. "பொட்டுக் கண்ணீர் விடலையாமே இவ, ஈசா கண்ணீரைக்கூட எடுத்துட்டாரா?" என்று ஒருத்தி கேட்டது உள்ளே பூருலுக்குக் கேட்டது.

பூருல் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். உடம்பைத் தூக்கிக்கொண்டு போனதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கம்பளிச் சுவர் இல்லை, சுண்ணாம்புச் சுவர். சுற்றிலும் அழ நாலு பெண்கள் இல்லை. வெளியே என்ன சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப்போட்டது. இப்போது யாராவது கல்லெறிவார்களோ? இப்போது வந்து நிறுத்துவார்களோ?

நுர்தீன் மண் கையோடு வந்தான். "ஏம்மா இங்க உக்காந்திருக்கே?"

"பொம்பளை வரக்கூடாதேடா."

"அது மேட்டுக்கு. இது நம்ம தோட்டம். நீ வெங்காயம் நடற இடம்! இங்க வரக்கூடாதுன்னு எவன் சொல்லுவான்?"

பூருல் அவனைப் பார்த்தாள். அவள் அம்மா, அவள் மாமியார், இந்த ஊரில் புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்த எந்தப் பெண்ணும் அவர்களை மண்ணில் இறக்குவதைப் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். திரும்பினால் ஆள் இருக்காது. அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

ஊர் பார்த்துக்கொண்டிருக்க, தோட்டத்தின் நடுவே நடந்தாள். அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. குபாத் விலகி வழிவிட்டான். குழியருகே போய் நின்றாள். வெள்ளைக் கம்பளியில் சுற்றிய அவர் நீளத்தைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தலைப்பக்கம் மெதுவா. அங்க கல்லு துருத்திக்கிட்டு நிக்குது, தெரியலை? இந்தப் பக்கம் தள்ளு. இன்னும் கொஞ்சம். ஆங்."

அவர்கள் அவள் சொன்னபடி செய்தார்கள். அவர் சரியாகப் படுத்துவிட்டார் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் தொண்டை திறந்தது. சபையில் ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள், உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று. ஈசாவே சிநேகிதன் கல்லறை முன்னால் அழுதவர்தானே? பூருல் குரலெடுத்தாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி பிரிச்சவரே, உங்க பங்கு மண்ணை யாரும் பிரிச்சுத் தரலையே! நான் கேட்ட மேடு கிடைக்கலையே, என் வெங்காயப் பாத்தியில படுத்தீங்களே! உங்களைப் படுக்கவெச்ச கையைப் பாத்துட்டேனே, படுத்த இடத்தைப் பாத்துட்டேனே! எழுப்ப வர்றவருக்கு வழி சொல்ல நான் இங்கயே இருக்கேனே..."

வேலிக்குப் பின்னால் பேச்சு நின்றது. வாய்க்காலின் குறுக்கே போட்ட பலகையில் யாரோ காலெடுத்து வைக்கிற சத்தம். சூரா.

"சூரா!" சகின்பாய் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

அவள் திரும்பவில்லை. நேராக வந்து பூருல் பக்கத்தில் நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படித்தான் இறக்குவாங்களா?" என்றாள். "என் ஜெனிஷை இப்படித்தான் இறக்கியிருப்பாங்களா? எனக்குத் தெரியாதே, பூருலு. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேனே."

ஏரியில் மூழ்கிச் செத்த அவள் பிள்ளை அவன். சூரா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மெதுவாக, பிள்ளைக்குப் போர்வை போடுகிற மாதிரி, உள்ளே விட்டாள். பூருல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரை யார் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

மண் தள்ளுவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. செத்தவனின் சொந்தக்காரன் கூட்டத்தைப் பார்த்து, இவன் எப்படிப்பட்ட மனுஷன் என்று கேட்க வேண்டும். கூட்டம் பதில் சொல்ல வேண்டும். நுர்தீன் நிமிர்ந்தான். சபை ஆட்களைப் பார்க்கவில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

"எங்கப்பா எசென்குல் எப்படிப்பட்ட மனுஷன்?"

தண்ணீர் இல்லாத வாய்க்காலில் காற்று மட்டும் ஓடியது. இதற்குப் பதிலாக அந்தப் பொய்யையே சொல்லியிருக்கலாமோ என்று பூருல் நினைத்தாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கறீங்க?" சூராதான். "முறையில்லாத நாள்ல நான் தண்ணியைத் திருடினேன். ஊர்ப் பெரியவர் பெண்டாட்டின்னு பாக்காம அடைச்சான். வருஷக்கணக்கா அவனை ஏசியிருக்கேன். நானே சொல்றேன் நல்ல மனுஷன்னு. உங்களுக்கெல்லாம் வாய் வலிக்குதா?"

யாரோ இருமினார்கள். சகின்பாய் தொப்பியைச் சரிசெய்தார்.

"நல்ல மனுஷன்" என்றார்.

"நல்ல மனுஷன்" என்று இன்னும் சில குரல்கள். எல்லாக் குரலும் இல்லை. ஒருத்தரும் பலகையைத் தாண்டி வரவில்லை. நுர்தீன் மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது சுத்தப் பொய். சில வீடுகளில் பூருல் கொடுத்த ரொட்டியை வாங்கி நாய்க்குப் போட்டார்கள். புதிதாகத் தண்ணீர் முறை வைக்க வந்தவன் அவள் முறையை மட்டும் மறந்து மறந்து போனான். நுர்தீன் ரஷ்யாவுக்குத் திரும்பிப் போனான், ஈசாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, போனில் தினமும் "அப்பா மேல பனி விழுந்திருக்கா?" என்று மட்டும் கேட்டான். ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்ல அவளால் முடிந்தது. மேட்டில் வைத்திருந்தால் யாரைக் கேட்டுச் சொல்லியிருப்பாள்? ஒருநாள் ஜன்னலருகே நிற்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தான் கெஞ்சிக் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவேயில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கேட்கக்கூடத் தெரியாத ஒன்றைக் கொடுத்திருக்கிறார். "கொடுக்கறதைக் கொஞ்சம் முன்னாடியே சொன்னா என்னவாம்?" என்று அதற்கும் சண்டை போட்டாள். பயம் போகவில்லை. நாய் குரைத்தால் இப்போதும் தூக்கிவாரிப்போடும். ஆனால் பயம் வந்த நாளிலும் கையில் பிடித்த வேலை நிற்பதில்லை. அது மட்டும் மாறியிருந்தது.

பனி உருகி வழி தெளிந்ததும் சூரா வந்தாள்.

"எங்கூட மேட்டுக்கு வா. என் பிள்ளை எங்க இருக்கான்னு பாக்கணும்."

"நானா? என்னைப் பாத்தாலே மதத்தை விட்டவ, காபிர்னு கல்லை எடுப்பானுங்க. வேற யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ."

"வேற யாரு வருவா? உனக்குத்தான் பயமே கிடையாதே."

பூருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கா? அடிப் பைத்தியமே, அன்னைக்குக் குழிகிட்ட நின்னப்போ என் கால் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியாது."

"நின்னேல்ல?"

பூருல் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். போனார்கள். மேடு ஏற ஏறக் கீழே ஒவ்வொரு வீட்டுக் கதவும் தங்களையே பார்ப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. மேலே மண்குவியலும் இரும்பு வேலியும் பிறைபோட்ட கம்பமுமாகக் கிடந்தது. சூரா இதுவரை இங்கே வந்ததில்லை. எங்கெங்கோ சுற்றிவிட்டு, புல் முளைத்த ஒரு மண்குவியலருகே மண்டியிட்டுக் கையால் தடவி அழ ஆரம்பித்தாள். பூருல் காவலுக்கு நிற்பதுபோல் வழியைப் பார்த்து நின்று, உதடு அசையாமல் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வழியில் ஒரு குதிரை ஏறி வந்தது. சகின்பாய்.

பூருலுக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது. சூரா இன்னும் பார்க்கவில்லை. பூருல் ஓரடி எடுத்து வைத்து, அவளுக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன், மாமா" என்றாள். அது பொய்தான், வந்துவிட்டது.

சகின்பாய் இறங்கினார். அவளைப் பார்த்தார், அழுகிற பெண்டாட்டியைப் பார்த்தார். தாடி அசைந்தது. என்ன சொல்லப்போகிறாரோ என்று பூருல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அது எங்க சித்தப்பாவோட குழி" என்றார் கரகரத்த குரலில். "அந்த ஆளுக்காக இவ்வளவு அழ வேண்டாம்னு சொல்லு. ஜெனிஷ் அந்தக் கோடியில இருக்கான்."

கடிவாளத்தைப் பூருல் கையில் கொடுத்துவிட்டு, சூராவைத் தோளைப் பிடித்து எழுப்பி, வேலிகளுக்கு நடுவே முன்னால் நடந்தார். பூருல் குதிரையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.